கன்னத்தில் தங்கிய மை

வேந்தனைப் புதைத்தபோது, அவன் முகம் அச்சான ஒரே தாளையும் நெஞ்சின் மேல் வைத்துத்தான் மூடினார்கள். "வெச்சிடுங்க மாமா, தகடு என்கிட்டதான் கீது. இன்னொண்ணு எடுத்துக்கலாம்" என்று சொன்னவள் அவன் அக்கா மாயா.

பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வந்தவன், ஒருநாள் அந்த ரயிலிலிருந்தே தவறி விழுந்துவிட்டான். அதற்குச் சில வாரங்கள் முன்புதான், கோரமண்டல் பகுதியில் இருந்த தங்கள் வீட்டில் மாயா அவனை எதிரே உட்காரவைத்து, மெழுகு பூசிய செப்புத் தகட்டில் முகத்தை ஊசியால் வரைந்து, கோடுகளை அமிலத்தில் அரிக்கவிட்டாள். அச்செடுக்கும் அன்று, "சீக்கிரம் காட்டு, மேட்சுக்குப் போணும்" என்று அவன் பறக்க, மையை அரைகுறையாகத் துடைத்துத் தாளை அழுத்தினாள். கன்னத்தில் மெல்லிய மைப்படலம் தங்கிவிட்டது. அதில்தான் வேந்தன் அப்படியே வந்திருந்தான், சிரிப்பை அடக்கிக்கொண்டு இருக்கிறவனாக.

காரியமெல்லாம் முடிந்தபின் அம்மா ஜானகி கேட்டாள். "அந்தப் படத்த எடுத்துக் குடும்மா. சுவத்துல மாட்டணும்."

மாயா கோடுகளுக்குள் மையை அழுத்தி நிரப்பி, கஞ்சி போட்ட துணியால் வட்டமாகத் துடைத்து, கடைசியில் உள்ளங்கையால் வழித்தாள். தாளை வைத்து அழுத்தித் தூக்கிப் பார்த்தால் முகம் வெளுத்துக் கிடந்தது. கோட்டுக்குள் இருந்த மையையும் துணி இழுத்துவிட்டது.

"இது யாருடி?" என்றாள் அம்மா.

மறுபடி மை போட்டு, கன்னத்தில் கொஞ்சம் விட்டுவைத்தாள். இந்தமுறை அதிகமாகிவிட்டது. கண்ணுக்குக் கீழே கறுப்பாகக் கன்றிப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டிய அதே முகம். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள்.

தகட்டைச் சூடாக்கினாள், மையை இளக்கினாள், துணியை மாற்றினாள். ஒவ்வொரு தாளிலும் வேறொருவன் வந்தான். கோடு மாறவில்லை. அன்றைக்குத் தன் கை எந்த இடத்தில் லேசாகப் போனது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. அவசரத்தில் செய்ததை நிதானமாக எப்படித் திரும்பச் செய்வது?

"அன்னிக்கு வந்துச்சே, இன்னிக்கு ஏன் வரல?"

"தெரியலம்மா."

"விடு. கையெல்லாம் பாரு, இன்னா கறுப்பு."

மறுநாள் ஜானகி மகனுடைய கம்பெனி அடையாள அட்டையை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி வாங்கிவந்தாள். விறைத்துப்போய் முறைக்கிற முகம். மாயாதான் ஆணி அடித்து மாட்டினாள். அம்மா கீழே நின்று, "கொஞ்சம் இடதுபக்கம் தூக்கு" என்று மட்டும் சொன்னாள்.