தும்மலின் அண்ணன்

அன்று மருத்துவரின் அறையில் இருந்தவர்கள்: நான், என் அக்கா, என் மகன், மருமகள், அவளுடைய அப்பாவான சம்பந்தி, மருத்துவர் அம்மா. ஏழு மாதப் பேத்தி கண்ணாடிக்கு அப்பால் தனியறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. இருந்ததாகச் சொல்பவர்கள் இருக்கவில்லை.

பிறந்ததிலிருந்தே பேத்திக்குச் சளியும் வயிற்றுப்போக்கும் மாறி மாறி வந்தன. காரணத்தை மருத்துவர் தாளில் வரைந்து காட்டினார். கிருமியை அடையாளம் காட்டும் மரபணு அவளிடம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் மூன்று புரதங்கள் கூட்டாக வந்து அமர்ந்தால்தான் அது வேலையைத் தொடங்கும். அவற்றில் ஒன்று பிறவியிலேயே உருக்குலைந்திருப்பதால் கூட்டே சேரவில்லை.

“மூணு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் லாக்கர் திறக்கும்ங்கற மாதிரி,” என்றார் சம்பந்தி.

மருத்துவர் ஒப்புக்கொண்டார். அந்தப் பழுது அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் நோய், ஒரு பக்கத்துப் பழுது மட்டும் உள்ளவர் நலமாகவே இருப்பார் என்றார். பிறகு, குடும்பத்தில் சிறு வயதில் இறந்த குழந்தைகள் உண்டா என்று கேட்டார்.

“எங்க வீட்ல அப்படி யாரும் இல்லம்மா. அவங்க வீட்ல கேளுங்க,” என்றாள் அக்கா.

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். மருத்துவர் எதை வரைந்தாலும் சொந்தபந்தம் அக்கா சொல்வதைத்தான் நம்பும். அந்தப் பெண் ஆயுளுக்கும் பழி சுமப்பாள்.

அக்கா சொன்னது எங்கள் வீட்டு வழக்கம். உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்றால் இரண்டு என்போம். மூன்றாமவளைச் சொன்னால் அக்காவின் கல்யாணம் தடைப்படும் என்று அப்பா செய்த ஏற்பாடு. அக்காவுக்குப் பேரன் பிறந்த பிறகும் அது நீடித்தது.

அவளைத் தும்மல் என்று கூப்பிடுவோம். ஜன்னலோரக் கட்டில்தான் அவள் உலகம். நான் பள்ளிவிட்டு வந்ததும் பையை அவள் மடியில் கொட்ட வேண்டும். பென்சில்களை ஒவ்வொன்றாக மோந்து பார்த்து, நான் கடித்தவற்றைத் தனியே ஒதுக்கி வைப்பாள். அவள் தும்மும்போது நூறு வயசு என்பேன்.

“நூறெல்லாம் வேணாண்ணா. பத்து போதும், மீதிய நீ வச்சுக்க.”

அவளுக்கு ஆறுகூட முடியவில்லை. எனக்கு எழுபத்து நான்கு.

நான் எழுந்து நின்றேன். “எனக்குத் தங்கச்சி ஒருத்தி இருந்தா டாக்டர். இப்படியேதான், சளி, காய்ச்சல். போய்ட்டா.”

“டேய்,” என்றாள் அக்கா. சற்றுப் பொறுத்து, “அவளுக்கு அந்த ஆரஞ்சு கவுன்னா உசுரு,” என்றாள்.

அதே நோய்தானா என்று இனி உறுதியாகச் சொல்ல முடியாது, இருக்கலாம் என்றார் மருத்துவர். பேத்திக்கு எலும்பு மஜ்ஜை மாற்ற நாள் குறித்தார்கள்.

மருமகள் வீட்டு ரத்தத்தால் வந்த நோய் என்று சிலர் பேசுவதாகக் கேள்விப்படுகிறேன். அது தவறு. பாதி எங்களுடையது.