இயந்திரத்தின் சாட்சி

சட்ட முன்வரைவின் பதினான்காம் பிரிவை எழுதியவள் லூசியானே. பசிபிக் தீவு நாடான தொங்காவுக்கு இணையப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று வேண்டும் என்று முடிவானதும், தலைநகர் நுக்குஅலோஃபாவில் இருந்த சட்ட அலுவலகத்தில் அந்த வேலை அவள் தலையில்தான் விழுந்தது. மற்ற பிரிவுகளைப் பெரிய நாடுகளின் சட்டங்களைப் பார்த்து எழுதினாள். பதினான்கு மட்டும் சொந்தச் சரக்கு. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அரசுக் கணினிகளுக்குச் செயற்கை நுண்ணறிவுக் காவல் போட்டுக் கொடுத்த நிறுவனம், பிரிஸ்பேனிலிருந்து டேரன் என்பவனை அனுப்பியிருந்தது. திரையில் பச்சைப் புள்ளிகளைக் காட்டி, உள்ளே வருபவர் நம்மவரா திருடரா என்பதை இந்தக் காவல் நொடியில் பிரித்துவிடும், ஆயிரத்தில் ஒரு தடவைகூடத் தவறாது என்றான். தவறினால் என்ன ஆகும் என்று லூசியானே கேட்டாள். இதுவரை தவறியதாகப் பதிவே இல்லை என்றான். கணினி வழக்குகளில் சாட்சி கிடைக்காமல் போலீஸ் திண்டாடுவதைப் பத்து வருடமாகப் பார்த்தவள் அவள். அதனால், காவல் மென்பொருள் ஒருவரை ஊடுருவியவர் என்று பதிவு செய்தால் அந்தப் பதிவே போதுமான சாட்சியம் என்று எழுதிவிட்டாள். அனுமதியில்லாமல் அரசுக் கணினிக்குள் நுழைந்தால், காரணம் எதுவானாலும் ஐந்து வருடம் சிறை என்று ஒன்பதாம் பிரிவு ஏற்கெனவே சொன்னது. இரண்டும் சேர்ந்தால் சந்து பொந்து இல்லாத வேலி என்று அவளுடைய மேலதிகாரி பௌலியாசி மெச்சிக்கொண்டார்.

சட்டம் நாடாளுமன்றத்துக்குப் போகும் முன் தீவு தீவாகப் போய் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஹாஅபாய்த் தீவுக் கூட்டத்தின் பக்கத்தில் மொட்டுஹிவா என்ற சின்னத் தீவுக்கு லூசியானேயும் டேரனும் படகில் போய் இறங்கினார்கள். தேவாலயக் கூடத்தில் நாற்பது பேர் பாய்களில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஒரு மணி நேரம் ஃபேஸ்புக்கில் போலிக் கணக்கு திறந்து ஏமாற்றுபவர்களைப் பற்றியே பேச்சு ஓடியது. பிறகு, சபைக்கு மரியாதையாக அந்த நாட்டு வழக்கப்படி இடுப்பில் பாய் கட்டிய, நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். அந்தத் தீவின் ஒரே நர்ஸ், அனசெய்னி.

"இந்தச் சட்டம் வந்தா நான் ஜெயிலுக்குப் போகணுமாம்மா? அதைக் கேட்டுட்டுப் போகலாம்னுதான் வந்தேன்" என்றாள்.

"ஊசி போட்டா வலிக்குதுன்னு எவனாவது புகார் குடுத்துட்டானா?" என்று பின்னாலிருந்து ஒரு மீனவர் கேட்க, கூடம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

நடந்ததை அவள் நிதானமாகச் சொன்னாள். மார்ச் மாதப் புயலில் வழக்கமான இணைப்பு அறுந்துபோனது. கடையில் இருந்த செயற்கைக்கோள் தட்டைக் கொண்டுவந்து மருந்தகத்தில் வைத்தார்கள். அந்த நேரத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவமாகி, ரத்தம் நிற்காமல் போனது. ஊசி கையில் தயாராக இருந்தது. முன்பொரு பிரசவத்தில் தலைநகரத்தில் ஏதோ மருந்து தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அந்தப் பெண் முனகினாள். எந்த மருந்து என்று தெரியவில்லை. அவளுடைய பதிவேட்டைப் பார்க்க அனசெய்னி கணினியைத் திறந்தபோது காவல் அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது. உதவி எண்ணை அழைத்தால், காலையில் கூப்பிடுங்கள் என்றது ஒரு பதிவுக் குரல்.

அவளுக்கு முன்னால் அங்கே வேலை பார்த்த ஃபூசி என்ற நர்ஸின் கடவுச்சொல் அவளுக்கு ஞாபகம் இருந்தது. அதைப் போட்டதும் கதவு திறந்தது. கையில் இருந்த அதே ஊசிதான் முன்பு அந்தப் பெண்ணின் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது என்று பதிவேட்டில் இருந்தது. அனசெய்னி அதைக் கீழே வைத்துவிட்டு வேறு மருந்து கொடுத்தாள். அந்தப் பெண் இப்போது மூன்றாவது வரிசையில், மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

லூசியானே டேரனைப் பார்த்தாள். அவன் தயங்கி, மடிக்கணினியில் அந்த நாளின் பதிவைத் தேடி எடுத்துத் திரையை அவள் பக்கம் திருப்பினான். செயற்கைக்கோள் தட்டு வழியாக வந்த இணைப்பு வெளிநாட்டு முகவரியாகப் பதிவாகியிருந்தது.

"என்னம்மா போட்டிருக்கு?" என்று அனசெய்னி கேட்டாள்.

"வெளிநாட்டுத் தாக்குதல், முறியடிக்கப்பட்டதுன்னு போட்டிருக்கு."

"அந்த வெளிநாட்டுக்காரி நான்தான். பிறந்ததே இந்தத் தீவுலதான்" என்றாள் அனசெய்னி. "ஃபூசி ஓய்வு வாங்கி நாலு வருஷமாச்சு, ஆக்லாந்துல மக வீட்டுல இருக்கா. அவ பேரைச் சொன்னா கதவைத் திறந்து விடுது."

ஃபூசியின் பெயர் அதே தட்டு வழியாக வந்திருந்தும், அதற்கு எதிரே 'இயல்பான வருகை' என்று இருந்தது.

லூசியானே தாக்குதல் என்ற வரியை மறுபடி படித்தாள். தன் பிரிவின்படி இந்த ஒரு வரி போதும், இந்த நர்ஸ் சிறைக்குப் போக. வாதாட வழியே இல்லை. வேலியில் சந்து விடாமல் அடைத்தவள் அவள்தானே. ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நிறுவனத்துக்கு மூன்று கடிதம் போட்டதாகவும், காவலில் பிழை எதுவும் இல்லை என்று மூன்றுக்கும் ஒரே பதில் வந்ததாகவும் அனசெய்னி சொன்னாள். இன்றைக்கு வாயைத் திறக்காதே என்று புருஷன் கெஞ்சினாராம்.

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"அடுத்த தீவுலயும் நர்ஸ் இருக்காளே. சட்டத்துக்குப் பயந்து அவ கையைக் கட்டிட்டு நின்னா?"

லூசியானே எழுந்து நின்றாள். அந்தப் பிரிவை எழுதியது தான்தான், தப்பாக எழுதிவிட்டேன் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னாள்.

தலைநகரம் திரும்பியதும் பௌலியாசி லேசில் இறங்கிவரவில்லை. "மனசு நல்லதா இருந்தா போதும்னு எழுதினா, பிடிபடுற ஒவ்வொரு திருடனும் உயிரைக் காப்பாத்தத்தான் போனேம்பான். அதுக்கு என்ன சொல்றே?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஒரு வாரம் அவள் எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தாள். கடைசியில், உயிரைக் காக்கவோ பழுதைக் கண்டு சொல்லவோ நுழைந்தவர், எதையும் அழிக்காமல், வெளியே கொண்டுபோகாமல், தானாகவே இருபத்துநாலு மணி நேரத்துக்குள் தெரிவித்தால் குற்றமில்லை என்று ஒரு வடிவம் வந்தது. அனசெய்னியைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் படித்துக் காட்டினாள்.

"அன்னிக்கே அந்தத் தட்டும் காத்துல போயி, எனக்கு மூணு நாள் லைனே இல்லையேம்மா. யாருக்குத் தெரிவிக்கிறது, மீனுக்கா?" என்றாள் அவள். "லைன் திரும்ப வந்ததுலேர்ந்து கணக்கு வைங்க."

பத்து வருட அனுபவத்தில் அப்படியொரு திருத்தத்தை எந்த வழக்கறிஞரும் அவளுக்குச் சொன்னதில்லை. அப்படியே எழுதிக்கொண்டாள். பதினான்காம் பிரிவையும் மாற்றினாள்: இயந்திரத்தின் பதிவு பல சாட்சியங்களில் ஒன்றுதான், குற்றம் சாட்டப்பட்டவர் அதை மறுக்கலாம், எதை வைத்து அப்படி முடிவு செய்தது என்று நிறுவனம் விளக்க வேண்டும்.

நாடாளுமன்றக் குழு டேரனையும் விசாரித்தது. இயந்திரம் தவறிய தடவைகளை யார் எண்ணினார்கள் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அவன் சற்று நேரம் காகிதங்களைப் புரட்டினான். பிறகு, யாரும் எண்ணவில்லை, இயந்திரம் தாக்குதல் என்று சொன்னதையெல்லாம் தாக்குதல் என்றே எடுத்துக்கொண்டோம் என்று ஒப்புக்கொண்டான். அதைச் சொன்னதற்காக அவனுக்கு வேலையிடத்தில் திட்டு விழுந்திருக்கும். லூசியானே வாசலில் அவனை நிறுத்திக் கை குலுக்கினாள். சட்டம் ஆகஸ்டில் நிறைவேறியது. அனசெய்னியின் பெயருக்குக் கதவு திறக்கும்படி காவல் திருத்தப்பட்டது, ஃபூசியின் பெயர் நீக்கப்பட்டது.

செப்டம்பரில் லூசியானே தன் வீட்டிலிருந்த, பெரிய மரியாதைக்கு மட்டுமே கொடுக்கும் நல்ல பாய் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு மொட்டுஹிவாவுக்குப் படகேறினாள். அலுவலக வேலை எதுவும் இல்லை, விடுப்பு எடுத்திருந்தாள். பாயைக் கண்டதும் அனசெய்னி பதறிப்போனாள்.

"பூட்டை உடைச்சவளுக்கு இதெல்லாம் எதுக்கும்மா?"

"நீங்க சொல்லலேன்னா, நான் போட்ட பூட்டுல யாரோ ஆயுசுக்கும் மாட்டியிருப்பாங்க. எனக்கு அது தெரியாமலே போயிருக்கும்" என்றாள் லூசியானே. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த நன்றியுரை அதற்கு மேல் வரவில்லை. பாயை அவள் பக்கம் நீட்டினாள்.

அனசெய்னி பாயை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "மாலோ. போன் போட்டு என்கிட்ட கேட்டீங்களே, அதுக்கு நான்தான் நன்றி சொல்லணும்" என்றாள். தேங்காய்ப்பாலில் வெந்த கீரைப் பொட்டலங்கள் அடுப்புக் குழியிலிருந்து வந்துகொண்டிருந்தன. சாப்பிட உட்காரும் நேரத்தில் யாருக்கோ காய்ச்சல் என்று ஆள் வந்தது. நீங்க சாப்பிடுங்க என்று சொல்லிவிட்டு அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். லூசியானே சாப்பிடவில்லை. அவள் வரட்டும் என்று இலையை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.