நாற்றங்காலில் ஓர் இருமல்

ஜெர்மனியிலிருந்து ஆன்டோ வந்து இறங்கியபோது, அவன் தேடி வந்த கேசட் நாற்றங்காலின் மேல் கட்டியிருந்தது. கட்டியவன் தம்பி கிளமென்ட்.

நீடாமங்கலம் பக்கம் இது வழக்கம்தான். முளைகட்டிய விதையைத் தெளித்ததும் குருவி வந்து விழும். கேசட் நாடாவை உருவி, குச்சிக்குக் குச்சி லேசாக முறுக்கி இழுத்துக் கட்டினால் காற்றில் ஊளையிடும், வெயிலில் மின்னும். குருவி அண்டாது. அந்த வருஷம் மேட்டூர் தண்ணீர் தாமதம். கிளமென்ட்டிடம் இருந்த விதையெல்லாம் அந்த நாற்றங்காலில்தான் கிடந்தது. அது போனால் சம்பாவும் போனது.

வீட்டில் பழைய பாட்டுக் கேசட்டுகள் எத்தனையோ கிடந்தன. அவன் கை போனது அண்ணன் அனுப்பியதற்கு.

செல்லோ என்பது வயலினுக்குப் பெரியப்பன். காலிடுக்கில் நிறுத்தி வாசிப்பது. அதில் மேதை என்று உலகமே கும்பிடும் ஒரு கிழவர், பெரிய வாத்தியக் கூட்டத்தோடு அரங்கில் வாசித்த கன்செர்ட்டோக்களை ஆன்டோ ரேடியோவிலிருந்து பதிவு செய்து கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அனுப்புவான். ஆளுக்குப் பதில் கேசட். கடைசியாக அனுப்பிய கச்சேரிக்கு அவனே போயிருந்தான். இரண்டாம் பகுதி முடிந்ததும் கேட்கும் இருமல் தன்னுடையது என்று ஃபோனில் பெருமையாகச் சொன்னான்.

அப்பா அடைக்கலசாமி அப்போது நெஞ்சு நோயில் கிடந்தார். அந்தச் சங்கீதம் அவருக்கு ஒரு மண்ணும் புரியாது. ஆனால் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்வார். தூரத்தில் ஒரு கமறல். “ஆன்டோதான். சளி புடிச்சிருக்கு, பாவம்” என்பார். எச்சில் சட்டியோடு பக்கத்தில் நிற்கும் கிளமென்ட் இருமினால் தலையைக்கூடத் திருப்பமாட்டார். சட்டியைக் கழுவும்போது கிளமென்ட்டுக்குக் குமட்டியதில்லை. அந்தக் கமறலைக் கேட்டால் குமட்டும்.

அடக்கத்துக்கும் ஆன்டோ வரவில்லை. இப்போது வந்திருக்கிறான். கிளமென்ட்டின் மனைவி ஜூலியட் வறுத்த விரால் மீனை முள் எடுத்துத் தின்றுகொண்டே காரணம் சொன்னான். அந்தக் கச்சேரியை ஒரு கம்பெனி சிடியாகப் போட்டுவிட்டதாம். இருமல், கைதட்டல் எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்துவிட்டார்களாம். அவன் அங்கே இருந்ததற்கு இந்தக் கேசட்டை விட்டால் வேறு அத்தாட்சி கிடையாதாம்.

கிளமென்ட் அவனை வயலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினான்.

ஆன்டோ ஷூவைக் கழற்றினான், பேண்ட்டைச் சுருட்டினான், சேற்றில் இறங்கினான். நாடாவை அவிழ்த்துக் கையில் சுற்ற ஆரம்பித்தான். வேலைக்கு வந்திருந்த கண்ணாத்தாள் வரப்பிலிருந்து, விதை மேல் மிதிக்க வேண்டாம் என்று கெஞ்சினாள். அவன் காதில் விழவில்லை. “பறந்து வந்தது நாடா பொறுக்கத்தானா?” என்று அவள் முணுமுணுத்தாள். நாடா அறுந்து அறுந்து வந்தது. வெறுமையான பக்கமெல்லாம் குருவி இறங்கியது.

வரப்பேறியவன் கையில் கசங்கிய கறுப்புப் பந்து. முழங்கால் வரை சேறு, அதற்கு மேல் சென்ட் வாசனை.

“அப்பா இதைக் கேட்டாராடா?”

ஆமாம் என்றால் அழுவான். தோளில் சாய்வான். அந்த ஈரத்தை நினைத்ததுமே கிளமென்ட்டுக்கு உடம்பு கூசியது.

“ஒரு தடவைகூட இல்லண்ணே. அவருக்கு அந்த ஓலம் ஆகாது.”

ஆன்டோ தலையாட்டினான். பந்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு காரைப் பார்த்து நடந்தான்.

கிளமென்ட் தகரத்தை அடித்துக் குருவி ஓட்டினான். சத்தம் கேட்டு ஜூலியட் அவளுடைய தியானப் பிரசங்கக் கேசட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். சாமியாரையும் உருவிக் கட்டினார்கள். அவரும் அதே மாதிரி ஊளையிட்டார். குருவிகள் எழுந்து போயின.

கிளமென்ட்டின் வாயெல்லாம் கசந்தது. துப்பக் குனிந்தான். காலடியில் விதை. விழுங்கிக்கொண்டான்.