ஈரக் கழிவு

பழைய பேப்பர் கடையில் எடை போடுகிறவனை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தராசு என்றுதான் சொல்வார்கள். அவன் போட்ட எடையை இன்னொரு தடவை போடச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அந்தப் பெருமை அவனுக்கு உண்டு. சம்பளத்தில் விழுந்த துண்டை அதை வைத்துத்தான் மனசுக்குள் சரிக்கட்டிக்கொண்டிருந்தான்.

அவன் மனைவிக்குப் பன்னு என்று பெயர் வைத்தது அவன்தான். அவளுக்குப் பேக்கரியில் பாக்கெட் போடும் வேலை. விடிவதற்கு முன்னால் போய் மத்தியானம் திரும்புவாள். விற்காமல் போன பன்னும், ரொட்டியும், கேக்கின் ஓரத் துண்டுகளும் வேலைக்காரர்களுக்கு இனாம். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் பாதிச் சாப்பாடு அந்தப் பையிலிருந்துதான் வந்தது. காய்கறிக்குக் காசு வேண்டும், பன்னுக்கு வேண்டாம். இரண்டு பேரும் மெல்ல மெல்ல ஊதிப்போனார்கள். வாசல் குறுகல். ஒருவர் செருப்பு மாட்டும்போது இன்னொருவர் உள்ளேயே நிற்க வேண்டும். அதைச் சொல்லி அவர்களே சிரித்துக்கொள்வார்கள்.

பன்னுவுக்கு வலி வந்த அன்று அந்தச் சிரிப்பு நின்றது. வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு சமையல் மேடை மேல் அப்படியே சாய்ந்துவிட்டாள். காசு வாங்காத பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான். பித்தப்பையில் கல், எடுத்தாக வேண்டும் என்றார்கள். ஆனால் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"இந்த எடைக்கும் இந்தப் பிரஷருக்கும் நான் மயக்க மருந்து குடுக்க மாட்டேம்மா. ஏழு கிலோ இறக்கிட்டு ரெண்டு மாசம் கழிச்சு வாங்க."

"அதுக்குள்ள கல்லு நகர்ந்து எங்கயாவது அடைச்சுக்கிட்டா?" என்று தராசு கேட்டான்.

"அப்ப எந்த நேரமா இருந்தாலும் ஓடி வாங்க. ஆனா அது ஆபத்தான ஆபரேஷனா இருக்கும். அதுக்கு முன்னாடி இறக்கப் பாருங்க."

வாசல் வரைக்கும் வந்த நர்ஸம்மா சொன்னாள்: "வீட்ல ஒருத்தர் மட்டும் இளைச்சு நான் பார்த்ததே இல்ல. நீங்களும் சேர்ந்து இறங்குங்க. உங்களுக்கும் ஒண்ணும் குறைச்சல் இல்ல." அவள் பார்வை அவன் வயிற்றில் நின்றது.

அன்றிலிருந்து தராசுவுக்கு நிம்மதி போனது. பன்னு குனிந்தால் பயம், பெருமூச்சு விட்டால் பயம். அவளுக்கோ மனசே வரவில்லை. நடக்கலாம் என்று கூப்பிட்டால் தெருமுனையில் திரும்பிவிடுவாள்.

"நாள் பூரா நின்னுட்டு வந்திருக்கேன். இதுக்கு மேல நடக்கணுமாம். அந்த டாக்டரம்மா ஒரு நாள் என் கால்ல நின்னு பார்க்கட்டும்."

"பன்னு, உடம்புக்காகத்தானே சொல்றேன்."

"சாகப்போறவளுக்கு ஒரு கேக் துண்டு குடுத்தா என்ன கெட்டுப்போகும்?"

"வாயைக் கழுவு முதல்ல."

இப்படியே மூன்று வாரம் போனது. ஒரு மத்தியானம் அவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் பேப்பர் கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்து, கடையில் இருந்த எடை மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். தரையோடு கிடக்கும் அகலமான இரும்புப் பலகை. சுவரில் சிவப்பு எண்கள் ஓடும்.

"என்னையும் ஒரு தடவை நிறுத்துங்களேன்."

"பழைய பேப்பர் விலைதான் போடுவேன்."

"இரும்பு விலை போடுங்க. இத்தனை வருஷம் உங்களைத் தாங்கியிருக்கேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். ஆஸ்பத்திரியில் பார்த்ததைவிட இரண்டு கிலோ குறைவு. இறங்கி மறுபடி ஏறினாள். அதே எண். முகம் அப்படியே மாறிப்போனது. "நான் ஒண்ணுமே பண்ணலையே! தெருமுனை வரைக்கும் போனதுக்கே இவ்ளோவா?"

அவளைப் பிடித்து இழுத்தது அந்த எண்தான். மறுநாளே இனாம் பையைப் பேக்கரியிலேயே விட்டுவிட்டு வந்தாள். சந்தை கலைகிற நேரத்துக்குப் போய், வாடத் தொடங்கிய கீரையையும் அடிபட்ட தக்காளியையும் பேரம் பேசி அள்ளி வந்தாள். பேக்கரிக்கு பஸ் ஏறுவதை விட்டுவிட்டு நடந்தாள். சாயங்காலம் அவனைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். தராசுவுக்குத்தான் பசி தாங்கவில்லை. வீட்டுக்கு இனாமாக வந்துகொண்டிருந்த பன்னை விட்டுவிட்டு, அவளுக்குத் தெரியாமல் டீக்கடையில் காசு கொடுத்துப் பன் தின்றான். இருந்தும் வாராவாரம் மெஷினில் ஏறினால் அவனுக்கும் எடை இறங்கியது. டீக்கடைப் பன்னில் ஏதோ மகிமை இருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

பிறகு ஒரு நாள் இஸ்திரி போடும் அக்கா புது அரிசி மூட்டையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"தம்பி, இதைக் கொஞ்சம் வச்சுப் பாரு. அந்த அரிசிக்கடைக்காரன் சிரிக்கிற சிரிப்பே சரியில்ல."

இருபத்தைந்து கிலோ மூட்டை. தையல் பிரிக்காதது. மெஷின் இருபத்து நாலைக்கூடத் தொடவில்லை. அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பினாள். கொஞ்ச நேரத்தில் அதே வண்டியோடு, பாதி வேகத்தில் திரும்பி வந்தாள்.

"அவன் மெஷின்ல சரியா இருக்கு. பக்கத்துக் கடை மெஷின்லயும் சரியா இருக்கு. தெருவே பார்த்துச் சிரிச்சிடுச்சு. உன் மெஷினுக்கு வயசாயிடுச்சா தம்பி?"

தராசு மூட்டையை மறுபடி ஒரு தடவை ஏற்றிப் பார்த்தான். முதலாளி வந்ததும் கேட்டான். முதலாளி பல் குத்திக்கொண்டே பதில் சொன்னார்.

"ஈரக் கழிவுடா. மழைக்காலத்துல பேப்பர் ஈரமா வருதில்ல? முன்னாடி நீதானே வாயால சொல்லிக் கழிப்பே. வாயால சொன்னா சண்டைக்கு வர்றாங்க. மெஷின் சொன்னா பேசாம வாங்கிட்டுப் போறாங்க. நீ இல்லாதப்ப மெக்கானிக் அப்பப்ப வந்து கொஞ்சம் கொஞ்சமா இறக்கி வச்சுட்டுப் போறான்."

"எனக்குச் சொல்லவே இல்லையே முதலாளி."

"உன்கிட்ட சொன்னா உன் மூஞ்சியே காட்டிக்குடுத்துடும். பேப்பர்தானே. என்னவோ உன் பொண்டாட்டியை நிறுத்தப்போற மாதிரி அலர்றே."

அவன் அடுத்த பேப்பர் கட்டைத் தூக்கி மெஷினில் வைத்தான். இந்த வேலையும் போனால் கீரைக்கும் வழி இருக்காது. ஆனால் மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. பன்னு இறக்கியதாக நினைக்கிற ஐந்து கிலோவில் கிட்டத்தட்ட முழுதும் ஈரக் கழிவு. ஆஸ்பத்திரிக்குப் போக இன்னும் மூன்று வாரம்தான்.

வீட்டுக்குப் போனால் அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னும் ரெண்டே கிலோங்க. அந்த டாக்டரம்மா முகத்தை நான் பார்க்கணும்."

சொல்லத்தான் நினைத்தான். சொன்னால் இந்தக் கீரைத் தட்டு மூலைக்குப் போய்விடும், பை திரும்பி வந்துவிடும், அவள் படுத்துவிடுவாள். சொல்லாவிட்டால் ஆஸ்பத்திரி மெஷின் சொல்லிவிடும்.

ஒரே வழிதான் தெரிந்தது. பொய் எண்ணை, நாள் வருவதற்குள் மெய்யாக்கிவிட வேண்டும்.

அதன் பிறகு டீக்கடைப் பக்கம் அவன் திரும்பவில்லை. காலையில் பேக்கரி வரை அவளோடு நடந்தான். சாயங்காலம் ரயில்வே கேட்டைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, அவளுக்குப் பெயர் தெரியாத தெருக்களுக்கெல்லாம் கூட்டிப்போனான்.

"ஏங்க, பேய் துரத்துதா?"

"ஆமா. நட."

"முன்னெல்லாம் நான்தான் உங்களை இழுப்பேன். இப்ப என்ன ஆச்சு உங்களுக்கு?"

மெஷின் ரிப்பேர் என்று சொல்லி அவளைக் கடைக்கு வரவிடாமல் பார்த்தான். அது வேறு மாதிரி முடிந்தது. எண்ணைப் பார்க்காத வாரம் அவள் கால் ஓடவில்லை. தண்ணீர்த் தொட்டிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். "எவ்ளோ இறங்குச்சுன்னே தெரியல. எதுக்கு நடக்கணும்?" கடைசியில் அவனே கூட்டிப்போய் மெஷினில் ஏற்றினான். சிவப்பு எண்ணைப் பார்த்து அவள் கைதட்டினாள். விஷம் ஊற்றிக் கொடுத்துவிட்டு அவள் ரசித்துக் குடிப்பதைப் பார்ப்பதுபோல் அவன் நின்றான். நடுவில் ஒரு நாள் லேசாக வலி வந்தது. வெந்நீர் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, வாயு" என்றாள். அவனுக்கு மட்டும் வேர்த்துக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரி நாளுக்கு ஒன்பது நாள் முன்னால் அவள் ஒரு சின்னப் பொட்டலத்தோடு வந்தாள். உள்ளே க்ரீம் வைத்த ஒரே ஒரு கேக் துண்டு.

"திட்டாதீங்க. ஆளுக்குப் பாதி. இன்னும் ஒரு கிலோ கூட இல்ல. இத்தனை நாள் வாயைக் கட்டினதுக்கு ஒரு வாய் கூடக் கூடாதா?"

வாயருகே கொண்டுபோன கையை அவன் தட்டிவிட்டான். கேக் சுவரில் பட்டு வழிந்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவன் அவளைத் தொட்டுத் தள்ளியதில்லை. அவள் சுவரைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அரிசி மூட்டை, மெக்கானிக், முதலாளி சொன்ன பதில்.

அவள் விரலில் ஒட்டியிருந்த க்ரீமைச் சேலையில் துடைத்தாள்.

"அப்ப நான் இறங்கவே இல்லையா?"

"கொஞ்சம் இறங்கியிருப்பே. எவ்ளோன்னு தெரியல."

"உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"அந்த அரிசி மூட்டை வந்த அன்னிலேர்ந்து."

"அதுக்கப்புறமும் என்னை அதுல ஏத்தினீங்க. நான் கை தட்டினேன். நீங்க பார்த்துக்கிட்டு இருந்தீங்க."

"நீ விட்டுடுவேன்னு பயந்தேன் பன்னு."

"என்னை அந்தப் பேரு சொல்லிக் கூப்பிடாதீங்க."

துணியை நனைத்துச் சுவரைத் துடைத்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தனியாக வெளியே போனாள். அவன் பதறிப்போய்ப் பின்னால் ஓடினான். அவள் ரயில்வே கேட்டை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். ஒரு வார்த்தை பேசமாட்டாள். கோபம் அவளை வேகமாக நடக்கவைத்தது. அவன் மூச்சு வாங்கிக்கொண்டு கண்ணுக்கெட்டும் தூரத்தில் பின்னாலேயே போனான். வீட்டில் தட்டை அவன் முன்னால் வைக்கும் சத்தம் மட்டும்தான் பேச்சு.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா அவளை மெஷினில் ஏறச் சொன்னாள். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். அவன்தான் முதலில் பார்த்தான். இறங்கியிருந்தது ஏழு இல்லை. மூன்றரை.

டாக்டரம்மா சீட்டைப் பார்த்தார், பிரஷர் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். "எடை பாதிதான் இறங்கியிருக்கு. ஆனா பிரஷர் நல்லா இறங்கியிருக்கு. அடுத்த மாசத்துக்கு ஆபரேஷன் தேதி போடறேன். இன்னும் ரெண்டு கிலோவாவது இறங்கி வரணும். இதே மாதிரி விடாம பண்ணுங்க. வலி வந்தா காத்திருக்காதீங்க, என்ன?"

"எப்படிம்மா இறக்கினீங்க?" என்று நர்ஸம்மா கேட்டாள்.

"இவர் துரத்தினாரு." ஒன்பது நாளுக்குப் பிறகு அவனைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது.

"அப்ப துரத்தினவரும் ஏறட்டும்."

அவன் வேண்டாம் என்று கையை ஆட்டினான். நர்ஸம்மா விடவில்லை. மெஷினில் ஏற்றிவிட்டு, உட்காரவைத்துக் கையில் பட்டையைச் சுற்றினாள். காற்றடித்தாள். முகத்தைச் சுருக்கினாள். பட்டையைக் கழற்றி மறுபடி சுற்றி, மறுபடி காற்றடித்தாள்.

"தலை சுத்துதா உங்களுக்கு?"

"எப்பவாவது."

"எப்பவாவதா? இதை வச்சுக்கிட்டா இவங்க பின்னாடி ஓடினீங்க? உங்க பிரஷர் இவங்களோட பழைய பிரஷரையும் தாண்டிடுச்சு. உடனே டாக்டரைப் பார்த்து மாத்திரை எழுதி வாங்குங்க. இன்னிக்கே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பன்னு எழுந்து அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மறைச்சு ஏதாவது தின்னீங்களா?"

"முன்னாடி. டீக்கடையில பன்னு தின்னேன்."

"காசு குடுத்தா?"

அவன் தலையாட்டினான்.

"காசு குடுத்தா! வீட்ல இனாமா வர்றதை நான் விட்டுட்டு வந்தேன். இவரு காசு குடுத்து..." நர்ஸம்மா சிரித்தேவிட்டாள். பன்னு சிரிக்கவில்லை. "தலை சுத்துதுன்னு ஏங்க எங்கிட்ட சொல்லல? வழியில விழுந்திருந்தீங்கன்னா? நான் திரும்பிக்கூடப் பார்க்காம முன்னாடி போயிட்டிருந்தேனே."

நர்ஸம்மாவிடம் திரும்பி, வாரத்துக்கு ஒரு தடவை இங்கே வந்து இரண்டு பேரும் எடை பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டாள். வரலாம், தூரமாச்சே, என்றாள் நர்ஸம்மா.

"தூரமா இருக்கட்டும். நடந்துதான் வருவோம். மெதுவா வருவோம்."

வெளி நோயாளி வரிசை வராந்தாவின் கடைசி வரை நீண்டிருந்தது. அவள் அவனைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அவனுக்காக வரிசையில் போய் நின்றாள். இரண்டு அடி நகர்ந்ததும் திரும்பிப் பார்த்தாள். இன்னும் ஒருவர் நகர்ந்ததும் மறுபடி பார்த்தாள். பிறகு என்ன தோன்றியதோ, வந்து அவன் சட்டைக் கையைப் பிடித்துத் தூக்கித் தன் முன்னால் நிறுத்திக்கொண்டாள்.

"இங்கயே நில்லுங்க. என் கண் முன்னாடி."

டாக்டர் அறை வரும்வரை அந்தச் சட்டைக் கையை அவள் விடவில்லை.