மஞ்சள் விளக்கு எரியாத கார்

மழை வெள்ளத்தில் மூழ்கிய மெல்வினின் காரின் இன்ஜினை மெக்கானிக் செல்வதுரை அண்ணாச்சி முழுக்கப் பிரித்து மாட்டி, ஒரு மாதம் கழித்துத் தந்தார். மூன்றாம் நாளே டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. மெல்வின் பட்டறைக்குக் கொண்டுபோனான். அண்ணாச்சி அணைத்துக் கொடுத்தார். துறைமுகத்துக்கு இரண்டு நடை போய் வந்ததும் மறுபடி எரிந்தது. இப்படி நாலு தடவை.

மெல்வினின் தங்கை எமில்டா இயற்பியல் படித்தவள். காரில் செருகிச் செல்போனில் பார்க்கும் ஸ்கேனர் ஒன்றை வரவழைத்தாள். நாலு தடவையும் அது ஒரே கோளாறைத்தான் காட்டியது. இன்ஜினின் மேல் தண்டும் கீழ் தண்டும் ஒத்துச் சுற்றவில்லை. இரண்டையும் இணைக்கும் செயினை, பல்சக்கரத்தில் ஒரு பல் தள்ளித் தப்பாக மாட்டிவிட்டார்கள் என்று அவளுக்குப் புரிந்தது.

பட்டறையில் அதைச் சொல்லி முடிக்க அவள் மூன்று தடவை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

"முப்பது வருசமா இன்ஜின் பிரிக்கேன். ஒரு பல்லாம்லா!" என்றார் அண்ணாச்சி. "ஏலே மெல்வின், ஒந்தங்கச்சி பல் டாக்டருக்கா படிச்சிருக்கு?"

மெல்வினும் சிரித்தான்.

வெள்ளிக்கிழமை கார் திரும்பி வந்தது. விளக்கு எரியவில்லை. எமில்டா சாவியைப் பாதி திருப்பிப் பார்த்தாள். இன்ஜினைக் கிளப்பும் முன் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் கொஞ்ச நேரம் எரிய வேண்டும். ஆயில், பேட்டரி, பிரேக் எல்லாம் எரிந்தன. இன்ஜின் படம் இருக்கும் இடம் மட்டும் இருட்டு.

"அண்ணே, இது சரியாக்கல. பின்னால டேப்ப ஒட்டி மறைச்சிருக்காவ."

"தெரியும்ளா. நாந்தான் மறைக்கச் சொன்னேன்." மெல்வின் குரலைத் தாழ்த்தினான். "நாளைக்கி பிலோமி அக்கா பாக்க வாராவ. வித்தாத்தான் திங்கக்கிழம நாசரேத் காலேஜுல பணத்தக் கெட்டி ஒனக்கு பி.எட். சீட்டு வாங்க முடியும்."

"ஓட்டத்துல செயின் வழுக்கி இன்ஜின் நின்னுச்சின்னா?"

"அப்ப அது நம்ம வண்டி இல்லல்லா."

பிலோமி அக்கா அடுத்த தெரு. கப்பல் ஆட்களை விமான நிலையத்தில் கொண்டுபோய் விடும் வேலை அவள் மகன் ஷாமுக்குக் கிடைத்திருந்தது. மறுநாள் மகனோடு வந்தவள் காரைப் பார்க்கவில்லை, எமில்டாவைப் பார்த்தாள்.

"ஆம்பளையளுவ ஆயிரம் சொல்லுவானுவ. நீ படிச்ச பிள்ள, நீ சொல்லுளா. எம்மவன் ராவும் பகலும் இதுலதான் கெடப்பான். வாங்கலாமா?"

மெல்வின் ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்திருந்த பானெட்டைத் துடைக்க ஆரம்பித்தான்.

எமில்டா சொல்வதைக் கேட்பதற்கென்று ஒருவர் காத்து நின்றது அன்றுதான்.

"நல்ல வண்டிதான் அக்கா," என்றாள். மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருக்கவில்லை.

பிலோமி அக்கா பானெட்டில் விரலால் சிலுவை வரைந்தாள். ஷாம் சாவியைத் திருப்பினான். விளக்குகள் எரிந்து அணைந்தன. இன்ஜின் கிளம்பியது.

"பாத்தியா, ஒரு லைட்டாவது எரியுதா!" பிலோமி அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏறுளா, மாதா கோயில் வரைக்கும் போய்ட்டு வருவோம்."

எமில்டா பின் சீட்டில் ஏறினாள். அங்கிருந்து பார்த்தாலும், ஷாமின் கைக்குப் பின்னால், டேப் ஒட்டி மறைத்த அந்த இடம் தெரிந்தது.