சேகரித்த நாள்

கனடாவில், வோபர்னில் உள்ள எங்கள் பதினான்கு மாடிக் கட்டிடத்தில் யார் வீட்டில் என்ன கறி என்பது லிஃப்ட் கதவு திறக்குமுன்பே எனக்குத் தெரியும். ஆறாம் மாடி இரத்தினவேல் கட்டிலுக்கடியில், பழைய பேப்பருக்குள் எதையோ சுற்றி வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும், அது காதல் கடிதம் என்று நானே முடிவு கட்டி நாலு வீட்டுக்குச் சொல்லியும் விட்டேன்.

அது ஒரு காய்ந்த ஓர்க்கிட் பூ.

அவர் ஊரில் தாவரவியல் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர். இங்கே உணவகத்தில் கோப்பை கழுவுகிறார். மனைவி துர்க்காவும் பிள்ளையும் கொழும்பு லொட்ஜ் ஒன்றில், இவருடைய அகதிக் கேஸ் முடியட்டும் என்று காத்திருந்தார்கள். அந்தக் கேஸை எழுதியது நான்தான். கொழும்பில் சட்டத்தரணி ஒருவரிடம் தட்டச்சு செய்தவள் என்பதால் கட்டிடமே என்னிடம் வரும். அவர்களுடைய துன்பத்தைக் கொஞ்சம் மினுக்கிக் கொடுப்பேன்.

"எங்கை வைச்சு ஆமி பிடிச்சது?" என்று அப்போது கேட்டேன்.

"மடுக் காட்டுக்குள்ளை. பூ எடுக்கப் போன இடத்திலை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தம்பி, பூப் பிடுங்கப் போன ஆளைக் கனடா எடுக்காது. வீட்டிலை வைச்சுப் பிடிச்சது எண்டு போடுவம். எத்தினை நாள் வைச்சிருந்தவங்கள்?"

"பதினொரு நாள்."

"ரெண்டு மாசம் எண்டு போடுறன். செப்ரெம்பர், ஒக்ரோபர்."

அவர் அந்த மாதங்களை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு வசந்தத்தில், லண்டன் தாவரவியல் சஞ்சிகை ஒன்றிலிருந்து வந்த கடிதத்தோடு என் கதவைத் தட்டினார். தென்னிந்தியாவில் மட்டும் கண்ட பூவாம். இலங்கையில் இதுவே முதற்பதிவாம். இடம், நாள், சேகரித்தவர் பெயர் இருந்தால் அச்சிடுவார்கள். இல்லாவிட்டால் அது வெறும் சருகு.

"அக்கா, கேஸை மாத்தி எழுத வேணும். பூ எடுத்தது ஒக்ரோபர் பத்தொன்பது. நீங்கள் எழுதினபடி நான் அப்ப ஆமி காம்பிலை."

"விசரே உமக்கு? ஹியரிங்குக்கு ரெண்டு மாசம் இருக்கு. கேஸ் விழுந்தால் துர்க்கா வரவே ஏலாது. லண்டனுக்கு ஆகஸ்ட் எண்டு எழுதிவிடும், பூவுக்கென்ன தெரியும்?"

"ஆகஸ்டிலை அது பூக்காது, அக்கா."

"அப்ப பேசாமல் விடும். ஒரு புல்லுக்கு ஆர் அழுகினம்?"

அவர் பூச் சுற்றியிருந்த பேப்பரை விரித்தார். ஓரத்துத் துண்டில் வேறு யாருடையதோ எழுத்தில்: 19.10.1990. இரத்தினவேல், ஜூலியஸ்.

"ஆர் உந்த ஜூலியஸ்?"

அவர் தட்டச்சு மெஷினை என் பக்கம் தள்ளி, "அடியுங்கோ" என்றார். பயந்து பயந்துதான் அடித்தேன்.

விசாரணையில் என்னையும் கூப்பிட்டார்கள். பழைய கதையை மினுக்கியது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். புதிய கதையை மட்டும் எப்படி நம்புவது என்று அதிகாரி கேட்டார். இரத்தினவேல் பேப்பரை மேசையில் விரித்தார். தேநீர்க் கறை நிறத்தில், நகமளவு பூ.

"இது ஜூலியஸின்ரை எழுத்து. மன்னார்ப் பெடியன், என்னோடை வேலை செய்தவன். அவன்தான் மரத்திலை ஏறி எடுத்தவன். ஒண்டு காணாது, இன்னொண்டு வேணுமெண்டு நான்தான் ரெண்டு நாளைக்குப் பிறகு திரும்பவும் கூட்டிக்கொண்டு போனனான். ரெண்டு பேரையும் பிடிச்சவங்கள். என்னை மட்டும் விட்டவங்கள்."

மொழிபெயர்ப்பாளர் சொல்லச் சொல்ல அதிகாரி எழுதிக்கொண்டார்.

ஊரிலுள்ள எல்லாவற்றையும் கேட்கிற நான், தனியவா போனீர் என்று முதல் கேஸ் எழுதிய அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிரித்தல்லவா விட்டேன்.

ஆறு கிழமைக்குப் பிறகு கேஸ் ஏற்கப்பட்டது. பனிக்காலம் தொடங்க சஞ்சிகையும் வந்தது. அரைப் பக்கம். சேகரித்தவர்களின் இரண்டு பெயர்களில் ஜூலியஸின் பெயரை முதலில் போட்டிருந்தார். பெரிய ஆளாகிவிட்டீர் என்று பகிடி விடப் போன நான், அந்த முதல் பெயரை இன்னொரு தரம் வாசித்தேன்.

"ஜூலியஸின்ரை அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுத வேணும், அக்கா. எனக்குக் கை ஓடுதில்லை. நான் சொல்லுறன், நீங்கள் எழுதுங்கோ."

"என்னெண்டு?"

"ரெண்டாவது பூவுக்குக் கூட்டிக்கொண்டு போனது நான் எண்டு. ஒண்டையும் மாத்தாதேங்கோ."

சொன்னபடியே எழுதினேன். பாதிப் பக்கம்கூட வரவில்லை. அந்தக் கடதாசியை அவர் மன்னாருக்கு அனுப்பவிருந்த சஞ்சிகைக்குள், இரண்டு பெயரும் இருந்த பக்கத்தில் வைத்து மூடினார்.