அக்காவின் போனில் இருந்த எண்

கணவனின் அடிக்குப் பயந்து வீட்டை விட்டு வந்த அன்றே தையல்காரி பழைய போனைத் தலைமுழுகினாள். புது போனில், யாரிடமும் எதையும் போட்டுக்கொடுக்காது என்று பேர்பெற்ற ஒரே ஒரு பேச்சுச் செயலியை மட்டும் ஏற்றிக்கொண்டாள். இருப்பிடம் காட்டுவதையெல்லாம் தேடித் தேடி அணைத்தாள். தொலைவில் ஒரு ஆடைக் கம்பெனியில் காலர் தைக்கும் வேலை கிடைத்தது. எட்டு மாதம் நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

அந்தச் செயலியில் அவளுக்கு இருந்த ஒரே ஆள் அக்காதான். "உன் ஒருத்திக்காக இந்தக் கருமத்தை வெச்சிருக்கேன்டி" என்று அக்கா அலுத்துக்கொள்வாள்.

ஒரு மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. 'காலர் தைக்கிற வேலை எப்படிப் போகுது? நேர்ல வந்து பாக்கறேன்.' அவன்தான். உடனே அக்காவைக் கூப்பிட்டாள்.

"என் நம்பரை எங்கயாவது எழுதி வெச்சியாக்கா?"

"போன்லதான் உன் பேரு, கம்பெனி பேரு, காலர் தைக்கிறன்னு எல்லாம் போட்டு வெச்சிருக்கேன். ஏன்டி?"

"புதுசா ஏதாவது ஆப் போட்டியா?"

"யார் கூப்பிடறாங்கன்னு பேர் காட்டுமே, அது. ஏதோ கேட்டுச்சு, சரின்னு அமுக்கினேன்."

பேர் காட்டும் அந்தச் செயலி, அக்கா 'சரி' என்றதும் அவள் போனில் இருந்த பேர், எண் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டிருந்தது; அதில் யார் பேரைத் தேடினாலும் அக்கா போட்டுவைத்தபடியே எண்ணோடு வரும். அவன் தேடியிருக்கிறான்.

"இப்பவே அழிச்சிடறேன்டி!" அக்கா அழுதாள்.

"அழிச்சு என்னக்கா ஆகப்போகுது? அவன் பாத்துட்டான்."

மேற்பார்வையாளரிடம் போய், நாளையிலிருந்து வரமாட்டேன் என்றாள்.

"எங்கம்மா போகப்போற?"

அது அவளுக்கே தெரியவில்லை. போகிற இடத்தை இந்த முறை அக்காவிடமும் சொல்லக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது.